வரப்போகும் உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் வீட்டார் எப்படிக் கலந்துகொள்வது?

கீழக்கரைப் பக்கத்திலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு முன் மண்டபம் ஒன்றியத்துக் கடற்கரை ஊர் ஒன்றுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த சகோதரி ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். கணவரும் மாமனாரும் கடல் தொழிலுக்குப் போகிறவர்கள், மாமியார் கடற்பாசி எடுக்கப் போகிறவர், ஊராட்சித் தலைவர் யார் என்பதை ஊர்க்கூட்டம் முன்பே முடிவு செய்துவிடும் என்று பேசிக்கொள்கிறார்கள், அப்படியானால் தேர்தலில் எங்களுக்கு என்ன வேலை என்று எழுதியிருக்கிறார். இதற்குள் மூன்று கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. எங்கள் பெயர் பட்டியலில் இருக்குமா. ஓட்டுப் போடும் நாளில் வீட்டு ஆண்கள் கரையில் இருப்பார்களா. ஊர் முடிவு செய்த பிறகு எங்கள் சொல்லுக்கு மதிப்பு உண்டா. மூன்றாவதுதான் அவருடைய மனத்தில் உள்ள கேள்வி என்று நினைக்கிறேன். ஆனால் முதல் இரண்டையும் சரிசெய்யாமல் மூன்றாவதற்குப் போக முடியாது.

நான் இந்த மாவட்டத்துப் பள்ளிகளில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். 1996, 2001, 2006, 2011, 2019 ஆகிய ஐந்து ஊரக உள்ளாட்சித் தேர்தல்களிலும் வாக்குச்சாவடிப் பணி பார்த்திருக்கிறேன். கடைசி மூன்றில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்தேன். சாவடிக்குள் நடப்பதையும் பட்டியல் தயாராகும் முறையையும் பற்றி உறுதியாகச் சொல்ல முடியும். நான் வழக்கறிஞன் அல்ல. ஆகவே தகுதியிழப்பு, தேர்தல் வழக்கு போன்றவற்றில் நான் சொல்வதைத் தொடக்கக் குறிப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ ஒரு வழக்கறிஞரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் நிலவரம். இராமநாதபுரம் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பர் 27, 30 ஆகிய இரு நாள்களில் வாக்குப்பதிவு நடந்தது. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் ஐந்தாண்டுப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது. பொறுப்பு அரசு நியமித்த தனி அலுவலர்களிடம் போனது. இது புதிதும் அல்ல. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலின் அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்த பிறகு மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஊராட்சிகள் தனி அலுவலர்கள் கையில்தான் இருந்தன. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஓர் ஊராட்சியின் பதவிக்காலம் நீளக் கூடாது என்பது அரசமைப்புச் சட்டத்தின் 243இ பிரிவு சொல்வது. அடுத்த தேர்தல் எந்த நாளில் என்பதை மாநிலத் தேர்தல் ஆணையத்தின் அறிவிக்கை ஒன்றே முடிவு செய்யும். அந்த அறிவிக்கை கண்ணில் படும்வரை வாட்ஸ்அப்பில் சுற்றும் தேதிகள் எதையும் நம்பி வெளியூரில் இருப்பவர்களுக்குப் பயணச்சீட்டு எடுக்கச் சொல்லாதீர்கள்.

உங்கள் வீடு எந்த உள்ளாட்சியில் வருகிறது என்பதையும் ஒருமுறை உறுதி செய்துகொள்ள வேண்டும். இராமேசுவரம், கீழக்கரை, இராமநாதபுரம், பரமக்குடி ஆகியவை நகராட்சிகள். மண்டபம், தொண்டி, சாயல்குடி போன்றவை பேரூராட்சிகள். அங்கே 2022 பிப்ரவரி 19 அன்று தேர்தல் நடந்தது. வார்டு உறுப்பினருக்கு ஒரே ஓட்டு, அதுவும் இயந்திரத்தில், தலைவரை உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பார்கள். பாம்பன், தங்கச்சிமடம் போலப் பெரிய ஊர்களாக இருந்தும் ஊராட்சியாகவே தேர்தலைச் சந்தித்தவை உண்டு. நகர எல்லைகளை விரிவாக்கப் பக்கத்து ஊராட்சிகளை இணைக்கும் நடவடிக்கைகளை அரசு 2025 தொடக்கத்தில் அறிவித்தது நினைவிருக்கலாம். ஆகவே போன முறை இருந்த எல்லையும் வார்டும் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஊராட்சிச் செயலரிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இனி பட்டியல். உள்ளாட்சித் தேர்தலுக்கென்று வீடு வீடாக வந்து தனியே பெயர் சேர்ப்பதில்லை. சட்டமன்றத் தொகுதியின் வாக்காளர் பட்டியலை எடுத்து, அதை வார்டு வாரியாகப் பிரித்துத்தான் உள்ளாட்சிப் பட்டியல் தயாராகிறது. சட்டமன்றப் பட்டியலில் அந்த ஊரில் பெயர் இல்லாதவருக்கு உள்ளாட்சிப் பட்டியலிலும் பெயர் வராது. உங்கள் விஷயத்தில் இதுதான் முதல் சிக்கல். திருமணமாகி வந்த பிறகு நீங்கள் முகவரியை மாற்றவில்லை என்றால் உங்கள் ஓட்டு இன்னும் பிறந்த ஊரில்தான் கிடக்கிறது. 2019இல் என் சாவடிக்கு ஓர் இளம்பெண் இடுப்பில் குழந்தையோடு வந்தார். வாக்காளர் அட்டையைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார். பட்டியலை இரண்டு முறை புரட்டினோம், பெயர் இல்லை. அட்டை தாய்வீட்டு முகவரியில் இருந்தது. 'அட்டை இருக்கே சார்' என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அட்டை ஆளை அடையாளம் காட்டும். ஓட்டுரிமையைத் தருவது பட்டியலில் உள்ள பெயர். அந்தக் குழந்தையோடு அவர் திரும்பி நடந்தது இன்றும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

இடம் மாறியவர்களுக்கும் பிழை திருத்தத்துக்கும் படிவம் 8. புதிதாகப் பெயர் சேர்க்க படிவம் 6. நீக்க படிவம் 7. இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய மாதங்களின் முதல் தேதி ஒவ்வொன்றும் பதினெட்டு வயதுக்கான தகுதி நாள் ஆகும். ஆகவே வீட்டில் வயது நிரம்பப் போகும் பிள்ளைகள் இருந்தால் அடுத்த ஜனவரி வரை காத்திருக்க வேண்டியதில்லை. படிவங்களை வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கொடுக்கலாம். நம் ஊர்களில் பெரும்பாலும் அங்கன்வாடிப் பணியாளரோ ஆசிரியரோதான் அந்த அலுவலராக இருப்பார். கைப்பேசி வழியாகவும் அனுப்பலாம். ஐயம் இருந்தால் 1950 என்ற எண்ணில் கேட்கலாம். உள்ளாட்சிப் பட்டியல் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டப்பட்டதும் பெயர் சரியான வார்டில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே வீட்டில் மாமியார் ஒரு வார்டிலும் மருமகள் இன்னொரு வார்டிலும் சிதறிப் போன பட்டியல்களை நான் கையாண்டிருக்கிறேன். அப்படி இருந்தால் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் எழுத்தில் மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொல்லிவிட்டு வருவதில் பயனில்லை.

கடல் தொழில் செய்யும் குடும்பங்களுக்கு இதில் தனிக் கவலை ஒன்று உண்டு. 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது படிவம் கொண்டுவந்த நேரத்தில் வீட்டில் ஆள் இல்லாத குடும்பங்கள் நம் கரையில் பல. தங்கல் தொழிலுக்கு மாதக்கணக்கில் வேறு துறைமுகங்களுக்குப் போகிறவர்களும், வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பவர்களும் இங்கே ஏராளம். வசிக்கும் இடத்தை விட்டுத் தற்காலிகமாக வெளியே இருப்பதால் மட்டுமே ஒருவர் அந்த இடத்தில் வழக்கமாக வசிப்பவர் என்ற நிலையை இழப்பதில்லை என்று 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. கணவரின் பெயரோ மாமனாரின் பெயரோ விடுபட்டிருந்தால் இந்த வாசகத்தைச் சுட்டிக்காட்டி மீண்டும் சேர்க்கக் கேளுங்கள். ஆனால் ஒருவருக்கு ஓரிடத்தில் மட்டுமே பெயர் இருக்கலாம். தொழில் செய்யும் ஊரிலும் சொந்த ஊரிலும் இரண்டு பதிவுகள் வைத்திருப்பது குற்றம். ஒன்றை நீங்களே முன்வந்து நீக்கிவிடுவது நல்லது.

வாக்களிக்கும் நாளைப் பற்றி. ஊராட்சிப் பகுதியில் ஒருவருக்கு நான்கு ஓட்டு: ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றிய வார்டு உறுப்பினர், மாவட்ட ஊராட்சி வார்டு உறுப்பினர். இயந்திரம் கிடையாது, வாக்குச்சீட்டுதான். 2019இல் வார்டு உறுப்பினருக்கு வெள்ளை (இரண்டு வார்டுக்கு ஒரே சாவடி என்றால் ஒன்றுக்கு நீலம்), தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். முதல் இரண்டு பதவிகளுக்குக் கட்சிச் சின்னம் இல்லை. ஆணையம் ஒதுக்கும் தனிச் சின்னங்கள்தான். அதனால் 'நம்ம சின்னம்' என்று பழக்கத்தில் குத்த முடியாது, வேட்பாளரின் சின்னம் எது என்று முன்பே தெரிந்துகொண்டு போக வேண்டும்.

அந்தத் தேர்தலில் பாசி எடுக்கும் ஓர் அம்மா வந்தார். பாறையும் சிப்பியும் கிழிக்காமல் இருக்க விரல்களில் சுற்றும் துணிப்பட்டையின் தடம் அப்படியே இருந்தது. நான்கு சீட்டையும் வாங்கிக்கொண்டு மறைவுக்குள் போனவர் நெடுநேரம் வெளியே வரவில்லை. பிறகு அங்கிருந்தே, 'ஐயா, நாலுலயும் ஒவ்வொண்ணு குத்தணுமா, இல்ல நாலுக்கும் சேத்து ஒண்ணா?' என்று கேட்டார். எந்தச் சின்னம் என்று நாங்கள் சொல்லக் கூடாது. ஆனால் ஒவ்வொரு சீட்டிலும் ஒரே ஒரு முத்திரை என்று சொல்லலாம், சொன்னேன். எண்ணும் மேசையில் செல்லாத ஓட்டுகளைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் அருமை தெரியும். ஒரே சீட்டில் இரண்டு முத்திரை விழுந்தால் செல்லாது. இரண்டு சின்னங்களுக்கு நடுக்கோட்டில் விழுந்து யாருக்கு என்று சொல்ல முடியாமல் போனாலும் செல்லாது. சீட்டை முதலில் நீளவாக்கில் மடித்து, பிறகு குறுக்கே மடித்தால் மை அடுத்த சின்னத்தின்மேல் ஒட்டாது. மாமியாருக்கு வீட்டிலேயே வண்ணத்தாளில் நான்கு துண்டு வெட்டி ஒருமுறை மடித்துக் காட்டிவிடுங்கள். பார்வைக் குறைவோ கை நடுக்கமோ இருந்தால் பதினெட்டு வயது நிரம்பிய ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்ல அனுமதி கேட்கலாம். உங்கள் பெயரில் வேறு யாரோ முன்பே வாக்களித்துவிட்டதாகத் தெரிந்தால் திரும்பிப் போகாதீர்கள்; ஆய்வுக்குரிய வாக்கு வேண்டும் என்று தலைமை அலுவலரிடம் கேளுங்கள், அது தனி உறையில் வைக்கப்படும்.

அடுத்தது வீட்டு ஆண்கள். வாக்குப்பதிவு நாளுக்கு அரசு விடுமுறை விடும், ஆனால் கடலுக்குப் போகிறவருக்கு அந்த விடுமுறையால் கூலி கிடைப்பதில்லை. முதல் நாள் மாலை பாக் நீரிணைக்குள் போன படகு மறுநாள் காலை கரை திரும்பி, மீனைப் பிரித்து, விற்று முடித்து, குளித்து வருவதற்குள் பிற்பகல் ஆகிவிடும். தொழில்முறையும் கடலும் ஊருக்கு ஊர் வேறுபடுவதால் ஒரே வழியை எல்லோருக்கும் சொல்ல முடியாது. என் அனுபவத்தில் பலன் கொடுத்தது ஒன்றுதான்: தேதி அறிவித்தவுடனே சங்கக் கூட்டத்தில் பேசி, முதல் நாள் யாரும் கடலுக்குப் போவதில்லை என்று பொதுவாக முடிவெடுப்பது. ஒருவர் மட்டும் நின்றால் அவருக்குத்தான் நட்டம்; ஊரே நின்றால் அந்தப் பேச்சு எழாது. 2019இல் வாக்குப்பதிவு காலை 7 மணி முதல் மாலை 5 மணி வரை நடந்தது. முடியும் நேரத்தில் வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் வாக்களிக்க உரிமை உண்டு. வரிசையின் கடைசி ஆளிடமிருந்து தொடங்கி முன்னோக்கி எண் எழுதிய துண்டுச் சீட்டு கொடுப்போம், பிறகு வருகிறவர்கள் இடையில் புகுந்துவிடாமல் இருப்பதற்காக. எனவே ஐந்து மணிக்கு ஒரு நிமிடம் முன்னால் வலை நாற்றத்தோடு வந்து நின்றாலும் போதும். கடலில் இருப்பவருக்கோ, வளைகுடாவில் இருப்பவருக்கோ, எல்லை தாண்டியதாக இலங்கையில் பிடித்து வைக்கப்பட்டவருக்கோ அஞ்சல் வாக்கு வசதி இல்லை என்பது வருத்தம் தரும் உண்மை.

இப்போது ஊர்க்கூட்டத்துக்கு வருகிறேன். கடற்கரை ஊர்களில் ஊர்க்கூட்டம் கரைச் சண்டையைத் தீர்க்கிறது, விபத்தில் போன குடும்பத்துக்கு வரி பிரித்துக் கொடுக்கிறது, பிடிபட்ட படகுக்காக ஆட்சியர் அலுவலகம் வரை நடக்கிறது. அதன் மதிப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஊர் கூடி ஒருவரை நிறுத்தலாம் என்று பேசுவதும், மற்றவர்கள் தாமாகவே விலகிக்கொள்வதும் சட்டத்துக்கு எதிரானவை அல்ல. ஆனால் பதவியை ஏலம் விடுவது, கோயிலுக்கு இவ்வளவு, பள்ளிவாசலுக்கு இவ்வளவு, தேவாலயத்துக்கு இவ்வளவு என்று அதிகம் தருகிறவருக்குத் தலைவர் பதவி என்று முடிப்பது குற்றம். வாக்குரிமையைப் பயன்படுத்துவதற்கோ போட்டியிலிருந்து விலகுவதற்கோ பணமோ பொருளோ கொடுப்பதும் வாங்குவதும் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 170ஆவது பிரிவில் லஞ்சமாகும். மீறி மனுத் தாக்கல் செய்தால் தெய்வக் குற்றம் வரும் என்று அச்சுறுத்துவதுகூட 171ஆவது பிரிவில் தகாத செல்வாக்கு என்ற குற்றத்துக்குள் அடங்குகிறது. வசூலான பணம் முழுவதும் திருப்பணிக்கே போனாலும் சட்டத்தின் பார்வையில் மாற்றமில்லை. அந்தத் தொகையைக் கொடுத்தவர் ஐந்து ஆண்டுகளில் அதைத் தெருவிளக்கிலும் குடிநீர்க் குழாயிலும்தான் திரும்ப எடுப்பார் என்பது நான் கண்ணால் பார்த்தது.

இன்னொன்றும் கவனியுங்கள். ஊர்க்கூட்டத்தில் பெரும்பாலும் ஆண்கள்தான் உட்காருகிறார்கள். வாக்குச்சாவடி வரிசையில் பாதிக்கு மேல் பெண்கள். வாக்கு இரகசியமானது, கூட்டத்தின் முடிவு சாவடி மறைவுக்குள் உங்களோடு வராது. ஓர் ஊராட்சி வார்டில் சில நூறு ஓட்டுகளே இருக்கும். விரல்விட்டு எண்ணும் வித்தியாசத்தில் முடிவு மாறியதை எண்ணும் மேசையில் நான் பார்த்திருக்கிறேன். ஆகவே உங்கள் சொல்லுக்கு மதிப்பு உண்டா என்ற கேள்விக்கு என் பதில், உண்டு என்பதுதான். அதற்கு மனுவைத் திரும்பப் பெறும் கெடு முடியும்போது ஒருவருக்கு மேற்பட்டவர் களத்தில் இருக்க வேண்டும். ஒரே ஒரு மனு மட்டும் இருந்தால் அவர் போட்டியின்றித் தேர்வு. அந்தப் பதவிக்கு வாக்குச்சீட்டே அச்சாகாது.

அந்த இன்னொருவர் நீங்களாகவும் இருக்கலாம். 2016இல் செய்த திருத்தத்தின்படி தமிழ்நாட்டு உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. எந்த வார்டு, எந்த ஊராட்சி யாருக்கு ஒதுக்கப்பட்டது என்பதை அரசிதழ் அறிவிப்பில் பார்க்க வேண்டும். போன முறை பொதுவாக இருந்தது இந்த முறை மாறலாம். நிற்பதற்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், அந்த ஊராட்சியின் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், உங்களை முன்மொழிபவர் நீங்கள் போட்டியிடும் வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். ஊராட்சிக்கு வரி பாக்கி இருக்கக் கூடாது. வீட்டு வரி மாமனார் பெயரில் இருந்தாலும் ரசீதுகளை இப்போதே எடுத்து வையுங்கள். 2019இல் வைப்புத்தொகை வார்டு உறுப்பினருக்கு 200 ரூபாய், தலைவருக்கு 600 ரூபாய். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு அதில் பாதி. செலவு வரம்பு வார்டு உறுப்பினருக்கு 9,000, தலைவருக்கு 34,000. இந்தத் தொகைகள் அடுத்த தேர்தலில் மாற்றப்படலாம், அறிவிக்கை வந்ததும் சரிபாருங்கள். தோற்றாலும் வென்றாலும் செலவுக் கணக்கை ஒப்படைக்க வேண்டும். நம் பக்கம் பலர் தோற்றதும் இதை மறந்துவிட்டு, அடுத்த முறை நிற்க முடியாமல் தவிக்கிறார்கள். ஒரு வேண்டுகோள்: நின்று வென்றால் கூட்டத்தில் நீங்களே உட்காருங்கள், உங்கள் பெயரில் வீட்டு ஆண் கையெழுத்துக்குத் தாள் நீட்டும் வழக்கத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். மாற்றுத்திறனாளிகள் யாராவது வீட்டில் இருந்தால், 2025இல் நிறைவேறிய திருத்தத்தின்படி அவர்களுக்கு நியமன உறுப்பினர் இடம் உண்டு என்பதையும் சொல்லிவையுங்கள்.

நிற்கவில்லை என்றால் நிற்கிறவர்களிடம் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். கடலரிப்பைத் தடுக்கும் தூண்டில் வளைவு கட்டித் தருகிறேன், இலங்கைச் சிறையிலிருந்து மீட்டு வருகிறேன் என்று ஊராட்சித் தலைவர் வேட்பாளர் சொன்னால், அவை ஊராட்சியின் கையில் இல்லாதவை. தெருக்குழாய், காவிரி கூட்டுக் குடிநீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை எந்தத் தெருவுக்குத் திறக்கப்படுகிறது, உப்புக்காற்றில் அரித்துப்போன விளக்குக் கம்பங்கள், கருவாடு காயவைக்கும் இடத்துப் பக்கம் கொட்டப்படும் குப்பை, வடிகால் ஆகியவை அதன் கையில் இருப்பவை. மணலில் ஊற்றுத் தோண்டிக் குடத்தில் இறைத்த தலைமுறையைச் சேர்ந்தவர் உங்கள் மாமியார் என்றால், எதைக் கேட்க வேண்டும் என்று அவரே சொல்வார்.

தேர்தல் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதும் இல்லை. தனி அலுவலர் காலத்திலும் கிராம சபை உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு. மக்கள்தொகை 500 வரை இருந்தால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் அதன் உறுப்பினர்கள். வரவு செலவை வாசிக்கச் சொல்லலாம், தீர்மானம் கொண்டுவரலாம். தீர்மானப் பதிவேட்டில் எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் முதலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது.

இந்த வாரம் செய்ய வேண்டியது படிவம் 8. கணவர் கரைக்கு வரும் நாளில் அவருடைய பெயரையும் மாமனார், மாமியார் பெயர்களையும் சேர்த்துப் பட்டியலில் தேடிப் பார்த்து, பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் குடும்ப அட்டையோடு வைத்துவிடுங்கள். யாருடைய பெயராவது கிடைக்கவில்லை என்றால் இங்கேயே எழுதுங்கள்; பெயரும் எண்ணும் வேண்டாம், எந்த ஒன்றியம், எப்போது விடுபட்டது என்று மட்டும் சொன்னால் யாரிடம் எப்படி மனு எழுதுவது என்று சொல்கிறேன்.